ஆற்றின் மேல்நாடு நீர்மட்டத்தைச் சொல்லிவிட்டால் கீழ்நாடு தப்பிவிடுமா?

கேள்வி இதுதான்: 2024 ஆகஸ்டில் வங்கதேசத்தின் ஃபெனி, குமில்லா மாவட்டங்கள் மூழ்கியபோது, இந்தியா சொல்லாமல் கொள்ளாமல் அணையைத் திறந்துவிட்டது என்ற பேச்சு பரவியது. உண்மையில் நடந்தது என்ன? இரண்டு நாடுகளுக்கும் இடையே 50 ஆண்டுகளாகத் தகவல் பரிமாற்றம் இருந்தும் மக்களுக்கு ஏன் முன்கூட்டியே தெரியவில்லை? எல்லை தாண்டி வரும் ஆறுகளில் வெள்ள முன்னறிவிப்பு எப்படித்தான் நடக்கிறது?

முதலில் அந்த நாளைப் பார்த்துவிடலாம். மற்ற எல்லாவற்றையும் புரிந்துகொள்ள அதுவே நல்ல வாசல்.

திரிபுராவில் கும்தி ஆற்றின் மேல் இருக்கும் தும்பூர் அணை, வங்கதேச எல்லைக்கு 120 கிலோமீட்டருக்கும் மேலே இருக்கிறது. உயரம் சுமார் 30 மீட்டர்தான். மின்சாரத்துக்காகக் கட்டியது. நீர்மட்டம் 94 மீட்டரைத் தாண்டினால் தானாகவே வழிந்துவிடும் அமைப்பு, யாரும் போய்த் திறக்கவில்லை என்று திரிபுரா அரசுத் தரப்பு விளக்கம் சொன்னது. அணைக்கும் எல்லைக்கும் நடுவே அமர்பூர், சோனாமுரா, சோனாமுரா 2 என்று மூன்று இடங்களில் நீர்மட்டம் அளக்கிறார்கள். ஆகஸ்ட் 21 பிற்பகல் 3 மணி வரை மட்டம் ஏறிக்கொண்டே போகிறது என்ற அளவுகள் வங்கதேசத்துக்குப் போயின. மாலை 6 மணிக்கு வெள்ளத்தால் மின்சாரம் போனது, கூடவே தகவல் தொடர்பும் அறுந்தது. இந்திய வெளியுறவு அமைச்சகம் மறுநாள் வெளியிட்ட அறிக்கையிலேயே இது இருக்கிறது.

ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பாருங்கள். இப்படிப்பட்ட ஆற்றில் வெள்ள அலை மணிக்கு 5 முதல் 7 கிலோமீட்டர் நகரும் என்று வைத்தால், அணையிலிருந்து 120 கிலோமீட்டர் வர 17 முதல் 24 மணி நேரம் ஆகும். அணையில் வழிந்தது மட்டுமே காரணமாக இருந்திருந்தால் ஏறக்குறைய ஒரு நாள் அவகாசம் கிடைத்திருக்கும். ஆனால் அந்த நாட்களில் அணைக்குக் கீழே இருக்கும் நிலப்பரப்பு முழுவதும் கொட்டித் தீர்த்தது. அந்தத் தண்ணீர் சில மணி நேரத்தில் எல்லைக்கு வந்துவிடும். மழை எல்லையின் இரண்டு பக்கமும் பெய்தது. ஃபெனியை மூழ்கடித்த முகுரி ஆற்றுக்கும் தும்பூர் அணைக்கும் சம்பந்தமே இல்லை, அது வேறு ஆறு. ஆகவே ‘அணையைத் திறந்துவிட்டார்கள்’ என்பது காரணத்தைத் தவறான இடத்தில் தேடுவது. அதே சமயம் ‘நாங்கள் தரவு கொடுத்துவிட்டோம்’ என்பதும் பாதி பதில்தான். 3 மணிக்குப் பிறகு அளவுகள் வராமல் போன அந்த இடைவெளியை அது நிரப்பவில்லை. அந்த வெள்ளத்தில் வங்கதேசத்தில் 50 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் பாதிக்கப்பட்டார்கள்.

டாக்காவில் கணினி முன்னால் இருப்பவர் கண்ணுக்கு அந்த மாலை எப்படித் தெரியும்? சோனாமுராவின் கோடு மேலே ஏறிக்கொண்டே வந்து, 3 மணியோடு நின்றுவிடுகிறது. பல மென்பொருள்கள் அளவு வராவிட்டால் கடைசியாக வந்த அளவையே தொடர்ந்து போட்டுக்கொள்ளும். திரையில் அது, ஆறு ஏறுவதை நிறுத்திவிட்டது போலத் தெரியும். ஆறு மிக மோசமாக இருக்கும் நேரத்தில் வரைபடம் மிகச் சாதுவாகக் காட்டும். அதனால் முன்னறிவிப்பு அறைகளில் நான் வலியுறுத்திச் சொல்லும் முதல் விதி: மட்டம் ஏறிக்கொண்டிருந்த நிலையம் வாயடைத்துப் போனால் அதையே ஓர் எச்சரிக்கையாக எடுத்துக்கொள்ள வேண்டும். 2021 ஜூலை 14 இரவு ஜெர்மனியின் ஆர் பள்ளத்தாக்கிலும் இதுவே நடந்தது. ஆல்ட்டனார் அளவு நிலையத்தை வெள்ளமே பெயர்த்துக்கொண்டு போனது, உண்மையான உச்சத்தை யாரும் அளக்கவில்லை. பணம், தொழில்நுட்பம் எல்லாம் இருந்த நாட்டில் அந்தப் பள்ளத்தாக்கில் மட்டும் 130 பேருக்கு மேல் இறந்தார்கள்.

இப்போது பெரிய படம். கங்கை, பிரம்மபுத்திரா, மேக்னா மூன்றும் சேர்ந்த வடிநிலத்தின் பரப்பு சுமார் 17 லட்சம் சதுர கிலோமீட்டர். அதில் வங்கதேசத்துக்குள் இருப்பது 7, 8 சதவீதம். அந்த நாட்டின் வழியாகக் கடலுக்குப் போகும் தண்ணீரில் 90 சதவீதத்துக்கு மேல் வெளியிலிருந்து வருகிறது. இந்தியாவோடு பகிர்ந்துகொள்ளும் ஆறுகள் மட்டும் 54. 1988-ல் நாட்டில் சுமார் 60 சதவீத நிலமும், 1998-ல் சுமார் 68 சதவீதமும் நீரில் கிடந்தன. இந்த இரண்டு ஆண்டுகளிலும் கங்கையின் உச்சமும் பிரம்மபுத்திராவின் உச்சமும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் வந்து சேர்ந்தன. வழக்கமாகப் பிரம்மபுத்திரா முந்தும், கங்கை ஆகஸ்ட் கடைசி, செப்டம்பரில் பின்னால் வரும். இந்த இடைவெளி இல்லாமல் போகிறதா என்பதை மேலே இருப்பவர்கள் சொன்னால்தான் கீழே தெரியும்.

இதற்காகத்தான் 1972-ல் இந்திய–வங்கதேசக் கூட்டு ஆறுகள் ஆணையம் வந்தது. அதே ஆண்டு வங்கதேச நீர் மேம்பாட்டு வாரியத்தின் கீழ் வெள்ள முன்னறிவிப்பு மற்றும் எச்சரிக்கை மையம் தொடங்கியது. இந்தியப் பக்கத்தில் அளவு எடுப்பது மத்திய நீர் ஆணையம். பிலிகுண்டுலுவில் காவிரியை அளந்து தமிழ்நாட்டுக்கு எவ்வளவு கன அடி வருகிறது என்று சொல்வதும் இதே ஆணையம்தான். கங்கை, டீஸ்டா, பிரம்மபுத்திரா, பராக் முதலிய ஆறுகளின் அளவுகள் மே 15 முதல் அக்டோபர் 15 வரை வங்கதேசத்துக்குப் போகும். பிரம்மபுத்திராவில் குவாஹாட்டி அருகே பாண்டுவில் ஏறும் தண்ணீர் வங்கதேசத்தின் பகதூராபாத் வந்து சேர இரண்டு மூன்று நாள் ஆகும். ஆறு அகலமானது, நிதானமானது. அங்கே இந்த ஏற்பாடு நன்றாகவே உழைத்திருக்கிறது, அதைக் குறைத்துச் சொல்லக் கூடாது.

சிக்கல் எங்கே என்றால், ஒத்துழைப்பு எந்த ஆறு மெதுவாக வருகிறதோ அங்கே வலுவாக இருக்கிறது. எந்த ஆறு வேகமாக வந்து ஆளைக் கொல்கிறதோ அங்கே மெலிந்திருக்கிறது. மேகாலயா மலையில் பெய்யும் மழை சுனாம்கஞ்ச், சில்ஹெட் சமவெளிக்குச் சில மணி நேரத்தில் இறங்கிவிடும். 2022 ஜூன் 17 காலை வரையான 24 மணி நேரத்தில் சிரபுஞ்சியில் 972 மில்லிமீட்டர் பெய்தது. சென்னையில் பல ஆண்டுகளில் முழு வடகிழக்குப் பருவமழைக்கும் இவ்வளவு கிடைப்பதில்லை. இங்கே ஆற்றின் மட்டத்தைப் பார்த்து எச்சரிப்பது என்றால் காலம் கடந்துவிடும். மலை மேல் இருக்கும் மழைமானியின் அளவு வேண்டும், 15 நிமிடத்துக்கு ஒரு முறை வேண்டும், வானிலை ரேடாரின் படமும் வேண்டும்.

நாட்காட்டியும் காலை வாரிவிடுகிறது. வடகிழக்கு வங்கதேசத்தின் ஹாவர் என்னும் பெரிய தாழ்நிலங்களில் ஆண்டுக்கு ஒரே சாகுபடி, போரோ நெல். அறுவடை ஏப்ரல், மே. 2017-ல் மார்ச் கடைசியிலேயே மலைவெள்ளம் வந்து, முற்றாத கதிரை அப்படியே மூழ்கடித்தது. பருவகாலத் தரவுப் பரிமாற்றம் தொடங்கும் மே 15-க்கு ஆறு வாரத்துக்கு மேல் பாக்கி இருந்தது. ஒப்பந்தம் எழுதியவர்கள் ஆற்றைப் பார்த்து நாள் குறித்தார்கள், நெல்லைப் பார்த்துக் குறிக்கவில்லை.

அளவு ஒன்று எல்லை தாண்டினால் அது அப்படியே பயன்பட்டுவிடாது என்பதையும் சொல்ல வேண்டும். வெளியில் இருப்பவர்களுக்கு இது சில்லறை விஷயமாகத் தெரியும், உள்ளே இருப்பவர்களுக்கு இதில்தான் தவறுகள் விளையும்.

மட்டத்தை எங்கிருந்து அளக்கிறோம்? இந்தியா சராசரிக் கடல்மட்டத்தைப் பூஜ்யமாக வைக்கிறது. வங்கதேசம் பொதுப்பணித் துறையின் பழைய பூஜ்யத்தை வைக்கிறது, அது சுமார் 46 சென்டிமீட்டர் தாழ்வு. ஒரே தண்ணீருக்கு இந்தியக் கணக்கில் 20.00 மீட்டர் என்றால் வங்கதேசக் கணக்கில் சுமார் 20.46. சமவெளி ஆற்றில் அரை மீட்டர் என்பது கரை தாங்குமா வழியுமா என்பதைத் தீர்மானிக்கும் வித்தியாசம். நேரமும் இப்படித்தான். டாக்கா இந்தியாவைவிட அரை மணி நேரம் முன்னால், காட்மாண்டு கால் மணி நேரம் முன்னால், பெய்ஜிங் இரண்டரை மணி நேரம் முன்னால். பெரிய ஆற்றில் இது பொருட்டே இல்லை. நான்கு மணி நேரத்தில் வந்து சேரும் ஆற்றில் அரை மணி நேரத்தை இழப்பது, கையில் இருக்கும் அவகாசத்தில் எட்டில் ஒரு பங்கை இழப்பது. எல்லை தாண்டும் எந்த அளவுக்கும் உலகப் பொது நேரத்தைத்தான் குறிக்க வேண்டும்.

சொற்களும் ஒன்றல்ல. ‘கடும் வெள்ளம்’ என்று இந்தியாவில் சொன்னால் நீர் அபாய மட்டத்தைத் தொட்டுவிட்டது, ஆனால் இதுவரை பதிவான உச்சத்தைத் தாண்டவில்லை என்று பொருள். வங்கதேசத்தில் அதே சொல்லுக்கு அபாய மட்டத்துக்கு மேல் ஒரு மீட்டரோ அதற்கு மேலோ என்று பொருள். இரண்டு நாட்டு அதிகாரிகளும் தொலைபேசியில் ஒரே சொல்லைச் சொல்லி வேறு வேறு வெள்ளத்தை மனத்தில் வைத்திருக்க முடியும். அதனால் சொல்லை விட்டுவிட்டு எண்ணையும், எந்தப் பூஜ்யத்திலிருந்து என்பதையும் சேர்த்துச் சொல்வதே பாதுகாப்பு.

அடுத்தது, மட்டத்திலிருந்து நீரளவுக்குப் போவது. வினாடிக்கு எத்தனை கன மீட்டர் என்பதை நேரடியாக அளப்பது அபூர்வம். படகில் ஒலியலைக் கருவியை வைத்து எப்போதாவது அளந்து, மட்டத்துக்கும் நீரளவுக்கும் ஒரு வரைகோடு போட்டு வைத்துக்கொள்வார்கள். அன்றாடம் மட்டத்தை மட்டும் படித்து வரைகோட்டிலிருந்து நீரளவை எடுப்பார்கள். பிரம்மபுத்திராவின் படுகை மணல், ஒவ்வொரு வெள்ளத்திலும் இடம் மாறும். போன ஆண்டு வரைகோடு இந்த ஆண்டு பொய் சொல்லும். அதுவும் தவிர, ஒரே மட்டத்தில் ஏறும்போது ஓடும் தண்ணீர் அதிகம், இறங்கும்போது குறைவு. மேல்நாடு கணக்கிட்ட நீரளவை மட்டும் அனுப்பினால் கீழ்நாட்டுக்கு இந்தப் பிழைகள் எதுவும் தெரியாது. மட்டம், வரைகோடு, அந்த வரைகோடு கடைசியாக எப்போது சரிபார்க்கப்பட்டது என்ற மூன்றும் சேர்ந்து வர வேண்டும்.

இவற்றை வைத்து முன்னறிவிப்பு எப்படித் தயாராகிறது? மிகப் பழைய வழி, மேல் நிலையத்தின் ஏற்றத்தையும் கீழ் நிலையத்தின் ஏற்றத்தையும் பல ஆண்டு அளவுகளால் ஒப்பிட்டு வரைந்த உறவுக்கோடு. மத்திய நீர் ஆணையம் 24 மணி நேரத்துக்கு முன்னால் சொல்ல இதை இன்றும் பயன்படுத்துகிறது. எளிமையானது, நம்பகமானது, ஆனால் தண்ணீர் வந்துசேரும் நேரத்துக்கு மேல் ஒரு மணி நேரம்கூட முன்னே பார்க்காது. வங்கதேச மையம் மழையிலிருந்து ஓட்டத்தையும், ஓட்டத்திலிருந்து மட்டத்தையும் கணக்கிடும் டென்மார்க்கின் மைக் 11 மாதிரியை வைத்து 5 நாள் வரை சொல்கிறது. அந்த மாதிரிக்கு எல்லையில் உள்ளே நுழையும் தண்ணீரை நாம்தான் கொடுக்க வேண்டும். இன்றைய அளவு இந்தியாவிடமிருந்து வருகிறது. நான்காம் நாள் எல்லையில் எவ்வளவு இருக்கும்? அது மேலே இனிமேல் பெய்யப்போகும் மழையைப் பொறுத்தது. இந்த இடத்தில்தான் அளவுப் பரிமாற்றம் போதாமல் போகிறது, முன்னறிவிப்பையே பரிமாற வேண்டியிருக்கிறது.

வங்கதேசம் இதற்கு வேறு வழிகளும் தேடியது. ஜார்ஜியா டெக் பல்கலைக்கழகத்தின் பீட்டர் வெப்ஸ்டர் குழு ஐரோப்பிய வானிலை மையத்தின் மழைக் கணிப்புகளைக் கொண்டு 10 நாள் முன்னறிவிப்பை உருவாக்கியது. 2007, 2008 வெள்ளங்களில் சோதனைக்கு எடுத்த ஊர்களில் மக்கள் அதைக் கேட்டுக் கால்நடை, தானியம், விதைநெல்லைக் காப்பாற்றினார்கள். பிறகு ஜேசன் 2 செயற்கைக்கோள் இந்தியாவுக்குள் ஓடும் ஆற்றின் மட்டத்தை மேலேயிருந்து அளந்ததை வைத்து 8 நாள் வரை நீட்டினார்கள். செயற்கைக்கோளுக்கு எந்த நாட்டின் அனுமதியும் வேண்டாம். ஆனால் 2019-ல் பணி முடித்த ஜேசன் 2, 10 நாளைக்கு ஒரு முறைதான் அதே இடத்துக்குத் திரும்பி வந்தது. பிரம்மபுத்திராவுக்கு இப்படிப்பட்ட அளவு கைகொடுக்கும். கும்திக்கு, முகுரிக்கு அதனால் ஒரு பயனும் இல்லை. ஆக, தகவல் கேட்டு யாரிடமும் நிற்க வேண்டாம் என்ற நிலை பெரிய ஆறுகளுக்கு வந்துகொண்டிருக்கிறது, சின்ன ஆறுகளுக்கு வரவில்லை.

சீனாவின் பக்கம் போவோம். 2002 ஒப்பந்தப்படி யார்லுங் சாங்போவில் (திபெத்தில் பிரம்மபுத்திராவின் பெயர்) நுகேஷா, யாங்சுன், நுஷியா என்ற மூன்று நிலையங்களின் அளவுகளைச் சீனா இந்தியாவுக்கு அனுப்பியது, இந்தியா அதற்குக் கட்டணம் கொடுத்தது. 2017-ல், தோக்லாமில் இந்திய, சீனப் படைகள் எதிரெதிரே நின்ற ஆண்டில், அளவுகள் வரவில்லை. 2018-ல் மீண்டும் வந்தன. 2023 ஜூனில் ஒப்பந்தம் காலாவதியானது. 2025 ஆகஸ்டில் அவசர நிலைகளில் மனிதாபிமான அடிப்படையில் தகவல் தருவதாகச் சீனா ஒப்புக்கொண்டது.

இதில் பலரும் கவனிக்காத ஒன்று இருக்கிறது. மூன்று நிலையங்களுமே ஆறு தெற்கே திரும்பும் பெரிய வளைவுக்கு மேலே இருக்கின்றன. நுஷியாவில் ஓடுவது வங்கதேசத்தின் பகதூராபாதில் ஓடுவதில் சுமார் பத்தில் ஒரு பங்குதான். மீதி, வளைவுக்குக் கீழே, பெரும்பாலும் இந்திய மண்ணில் பெய்யும் மழை. அஸ்ஸாமின் வழக்கமான வெள்ளத்துக்குச் சீனாவின் அளவு அவ்வளவு முக்கியம் இல்லை. முக்கியமாவது மலைச்சரிவு ஆற்றை அடைக்கும்போது. 2000 ஏப்ரல் 9 அன்று திபெத்தின் யிகோங் ஆற்றில் மலை சரிந்து ஏரி உருவானது. இரண்டு மாதம் தண்ணீர் தேங்கி ஜூன் 10 அன்று உடைத்துக்கொண்டு, அருணாச்சலப் பிரதேசத்தின் பாசிகாட் வரை அடித்துக்கொண்டு வந்தது. இரண்டு மாதம்! எச்சரிக்க அவ்வளவு காலம் இருந்தது. யிகோங்கின் தண்ணீர் நுஷியாவுக்குக் கீழேதான் பெரிய ஆற்றில் சேர்கிறது. அதற்குப் பிறகு ஏற்பட்ட ஒப்பந்தத்தின் மூன்று நிலையங்களும் அன்று இருந்திருந்தாலும் அந்த வெள்ளத்தைக் காட்டியிருக்காது.

நல்ல உதாரணமும் அதே பள்ளத்தாக்கில் இருக்கிறது. 2018 அக்டோபர் 17 அன்று செதோங்பூவில் சரிவு ஏற்பட்டு ஆறு அடைபட்டது. பருவகாலத் தகவல் பரிமாற்றம் இரண்டு நாள் முன்னால், 15-ஆம் தேதியே முடிந்திருந்தது. ஆனாலும் சீனா உடனே தகவல் சொன்னது, அளவுகளைத் தொடர்ந்து அனுப்பியது. அருணாச்சலில் ஆற்றோரத்தில் இருந்தவர்களை மேட்டுக்கு அனுப்பினார்கள். தண்ணீர் வழிந்து வந்தபோது பெரிய சேதம் இல்லை. காகிதத்தில் என்ன எழுதியிருந்தது என்பதைவிட, யாருக்கு யார் போன் செய்வது என்பது தெரிந்திருந்ததுதான் அன்று காப்பாற்றியது. இதற்கு நேர்மாறு 2025 ஜூலை 8: திபெத்தில் பனிப்பாறை மேல் இருந்த ஏரி வடிந்து போட்டேகோசி ஆற்றில் இறங்கி, நேபாள எல்லையில் ரசுவாகடியில் நட்புறவுப் பாலத்தையே அடித்துக்கொண்டு போனது. மேலேயிருந்து எச்சரிக்கை எதுவும் வரவில்லை.

கோசி ஆற்றைப் பற்றிச் சொல்லாமல் இந்தப் பதில் முழுமையாகாது, ஏனென்றால் அங்கே பிரச்சினை முன்னறிவிப்பே அல்ல. 1954 ஒப்பந்தப்படி நேபாள மண்ணில், பீகார் எல்லையில் கதவணையும் கரைகளும் கட்டப்பட்டன. பராமரிப்பு இந்தியாவின் பொறுப்பு, பீகார் அரசின் கையில். கதவணையின் திட்ட அளவு வினாடிக்கு 9.5 லட்சம் கன அடி. 2008 ஆகஸ்ட் 18 அன்று, கதவணைக்கு 12 கிலோமீட்டர் மேலே குசகாவில் கரை உடைந்தபோது ஆற்றில் ஓடியது சுமார் 1.44 லட்சம் கன அடிதான். திட்ட அளவில் ஆறில் ஒரு பங்குகூட இல்லை! ஆறு தன் பழைய தடத்தைப் பிடித்துக்கொண்டு போனது, பீகாரில் 30 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் பாதிக்கப்பட்டார்கள். அன்று மட்டத்தை எவ்வளவு துல்லியமாக முன்கூட்டிச் சொல்லியிருந்தாலும் ‘அபாயம் இல்லை’ என்றுதான் வந்திருக்கும். வெளிநாட்டு மண்ணில் இருக்கும் கரையை யார் தினமும் நடந்து பார்ப்பது, அரிப்பு கண்டால் லாரி, கல், ஆள் எல்லை தாண்டிப் போக யாரிடம் அனுமதி வாங்குவது என்பதும் வெள்ள மேலாண்மைதான். மாதிரிகளுக்கும் கருவிகளுக்கும் கிடைக்கும் கவனத்தில் பாதி இதற்குக் கிடைப்பதில்லை.

2024 செப்டம்பர் கடைசியில் அதே கதவணையில் 6.61 லட்சம் கன அடி வந்தது. 1968-க்குப் பிறகு அவ்வளவு வந்ததில்லை. 56 மதகுகளும் திறக்கப்பட்டன என்று செய்தி போனதும், நேபாளம் திறந்துவிட்டது என்று ஒரு பேச்சு. கங்கையில் வங்கதேச எல்லைக்கு அருகே இந்தியா கட்டிய ஃபராக்கா கதவணையின் மதகுகள் திறந்தாலும் இதே பேச்சுதான். முக்கொம்பு, மாயனூர் கதவணைகளைப் பார்த்தவர்களுக்கு இது எளிதாகப் புரியும். கதவணையில் தண்ணீரைத் தேக்கி வைக்க இடம் கிடையாது. வருவதை வாய்க்காலுக்குத் திருப்ப மட்டத்தை உயர்த்தும், அவ்வளவுதான். வெள்ளத்தில் மதகைத் திறக்காவிட்டால் கட்டுமானம் போய்விடும். திறந்ததால் வெள்ளம் கூடவில்லை, வெள்ளம் வந்ததால் திறந்தார்கள். உண்மையான தேக்கணையாக இருந்தால் கதை வேறு, அங்கே எப்போது எவ்வளவு திறக்கப்போகிறோம் என்பதை முன்கூட்டிச் சொல்வது உயிர் சம்பந்தப்பட்டது. இந்த இரண்டையும் பொதுமக்களுக்குப் பிரித்துச் சொல்லாத வரை ஒவ்வொரு வெள்ளமும் இரு நாட்டுச் சண்டையாகத்தான் முடியும்.

தகவல் போகும் பாதையும் முறியக்கூடியது. சிந்து நதி ஒப்பந்தம் 2025 ஏப்ரலில் நிறுத்திவைக்கப்பட்ட பிறகு, ஆகஸ்ட் 24 அன்று ஜம்முவின் தாவி ஆற்று வெள்ளம் பற்றி இந்தியா பாகிஸ்தானுக்கு எச்சரிக்கை அனுப்பியது. வழக்கமான சிந்து ஆணையர்கள் வழியாக அல்ல, இஸ்லாமாபாத்தில் இருக்கும் தூதரகம் வழியாக. அனுப்பியதே பெரிது, அதைப் பாராட்ட வேண்டும். ஆனால் பொறியாளரிடமிருந்து பொறியாளருக்கு நேராகப் போக வேண்டியது தூதரகம், வெளியுறவு, பேரிடர் துறை என்று சுற்றிப் போனால் ஒவ்வொரு மேசையிலும் நேரம் கரையும்.

மேசையே இல்லாத ஏற்பாடும் உண்டு. நேபாளத்திலிருந்து பீகாருக்குள் இறங்கும் ரத்து என்ற சின்ன ஆற்றில் ஒருங்கிணைந்த மலை மேம்பாட்டுக்கான சர்வதேச மையத்தின் உதவியோடு ஊர்மக்களே நடத்தும் எச்சரிக்கை முறை இருக்கிறது. மேல்கரையில் ஒரு மட்டமானி, அதைப் பார்த்துக்கொள்ள ஒருவர், அவரிடம் கீழ்க்கரை ஊர்களின் தொலைபேசி எண்கள். 2017 ஆகஸ்ட் வெள்ளத்தில் இந்த அழைப்புகள் எல்லைக்கு இந்தப் பக்கம் இருந்தவர்களுக்கு மணிக்கணக்கில் அவகாசம் கொடுத்தன. பூட்டானிலும் ஒரு நல்ல முறை இருக்கிறது: அங்கே 30-க்கும் மேற்பட்ட அளவு நிலையங்கள், செலவு இந்தியாவுடையது. கீழே இருப்பவன் காசு கொடுக்கிறான், மேலே இருப்பவன் அளக்கிறான். யாருக்கு லாபமோ அவர் செலவைத் தாங்குவது நியாயம், இழுபறியும் இல்லை.

வேகமான ஆறு ஒன்றுக்கு நிலையம் அமைப்பதாக இருந்தால் என்ன வேண்டும் என்று கேட்டால் என் பட்டியல் இது. பாலத்தின் அடியில் தண்ணீரைத் தொடாத ரேடார் மட்டமானி. தண்ணீருக்குள் கிடக்கும் கருவியை மரக்கட்டையும் சேறும் முதல் நாளே தீர்த்துவிடும். பக்கத்திலேயே பெயின்ட் அடித்த பழைய அளவுகோல், இரவில் டார்ச் அடித்தால் தெரிகிற மாதிரி. கருவி பொய் சொல்கிறதா என்று மனிதன் சரிபார்க்க அது ஒன்றுதான் வழி. சூரியத் தகடும், வெயிலே இல்லாமல் ஒரு வாரம் தாங்கும் பேட்டரியும். ஊர் மின்சாரத்தை நம்பவே கூடாது, சோனாமுரா அனுபவம் போதும். பெட்டி இருக்கும் உயரம், இதுவரை கண்ட உச்ச வெள்ளத்துக்கு ஒன்றரை, இரண்டு மீட்டர் மேலே. அளவை அனுப்ப இரண்டு வழி, ஒன்று கைபேசிக் கோபுரம், மற்றது செயற்கைக்கோள், ஏனென்றால் வெள்ளத்தில் முதலில் சாய்வது கோபுரத்தின் மின்சாரம். எத்தனை நிமிடத்துக்கு ஒரு முறை? தண்ணீர் எல்லைக்கு வந்துசேரும் நேரத்தில் இருபதில் ஒரு பங்கு என்று வைத்துக்கொள்ளலாம். ஐந்து மணி நேர ஆறாக இருந்தால் 15 நிமிடம். இரண்டு அளவு தொடர்ந்து வராவிட்டால் இரு நாட்டு அறையிலும் மணி அடிக்க வேண்டும், உடனே அளவுகோலைப் பார்க்கும் ஆளைக் கூப்பிட வேண்டும். ஆண்டுக்கு ஒரு முறை, மழைக்கு முன்னால், இரு நாட்டுப் பொறியாளர்களும் சேர்ந்து நின்று பூஜ்யத்தைச் சரிபார்க்க வேண்டும். அந்தச் சந்திப்பில் ஒருவர் முகம் இன்னொருவருக்குப் பழகும். நடு இரவில் போன் செய்யத் தயக்கம் இல்லாமல் போவது அதனால்தான்.

இவ்வளவும் சரியாக நடந்து, கடைசி வீட்டுக்குச் செய்தி போகாவிட்டால் வீண். ‘பகதூராபாதில் அபாய மட்டத்துக்கு மேல் 85 சென்டிமீட்டர்’ என்றால் ஆற்றுத் திட்டில் மாடு கட்டியிருக்கும் பெண்ணுக்கு என்ன புரியும்? உங்கள் பள்ளிக்கூடத்து வாசற்படி நாளை மறுநாள் மூழ்கும் என்றால் புரியும். புரிந்தாலும் படகுக் கூலிக்குக் காசு வேண்டும். 2020 ஜூலை 4 அன்று ஜமுனாவில் (வங்கதேசத்தில் பிரம்மபுத்திராவின் பெயர்) கடும் வெள்ளம் வரும் என்ற கணிப்பு வரம்பைத் தாண்டியதும் ஐ.நா.வின் அவசர நிதியிலிருந்து 52 லட்சம் டாலர் விடுவிக்கப்பட்டது. வெள்ளம் உச்சத்தைத் தொடும் முன்பே ஆற்றோரக் குடும்பங்களின் கைபேசிக்கு 4,500 டாகா (வங்கதேச நாணயம்) போய்ச் சேர்ந்தது. எந்தக் கணிப்பு எந்த எண்ணைத் தாண்டினால் பணம் போகும் என்று முன்பே எழுதிக் கையெழுத்துப் போட்டு வைத்திருந்ததால் அது முடிந்தது.

அடுத்துக் கவனிக்க வேண்டியது, இந்தியாவும் வங்கதேசமும் செய்துகொண்ட கங்கை நீர் ஒப்பந்தம். 1996 டிசம்பர் 12 அன்று 30 ஆண்டுகளுக்குக் கையெழுத்தானது, 2026 டிசம்பரில் முடிகிறது. அதன் மையம் ஜனவரி 1 முதல் மே 31 வரையான வறட்சிக் காலப் பங்கீடு. வெள்ளம் அதன் வேலை அல்ல. புதுப்பிக்க உட்காரும்போது 54 ஆறுகளில் எல்லைக்கு ஆறு மணி நேரத்துக்குள் வந்துவிடும் ஆறுகளைத் தனியாகப் பிரித்து, அவற்றுக்கு ஆண்டு முழுவதும் மழை அளவும் மட்டமும் தானாகப் போகும்படி ஓர் இணைப்பு எழுதினால், பங்கீட்டுச் சிக்கல்களுக்காகக் காத்திராமல் அதை மட்டும் முதலில் முடித்துவிடலாம். கொடுப்பதால் யாருக்கும் ஒரு சொட்டுத் தண்ணீர் குறையாது.

அடுத்த வெள்ளத்தை நீங்களே பின்தொடர விரும்பினால், மத்திய நீர் ஆணையத்தின் வெள்ள முன்னறிவிப்புத் தளமும் வங்கதேச மையத்தின் தளமும் பொதுவில் திறந்திருக்கின்றன. மேல் நிலையத்தின் மட்டத்தை எடுங்கள், 46 சென்டிமீட்டரைக் கூட்டுங்கள், நேரத்தில் அரை மணியைக் கூட்டுங்கள், பிறகு கீழ் நிலையத்தோடு ஒப்பிடுங்கள். மட்டத்தைப் பார்ப்பதற்கு முன்னால் கடைசி அளவு எத்தனை மணிக்கு வந்தது என்று பாருங்கள். மழை கொட்டும் நாளில் அது மூன்று மணி நேரம் பழையதாக இருந்தால், வரைபடம் காட்டும் இடத்தில் ஆறு இப்போது இல்லை.